ஒப்பிக்கிறாள், ஆனால் படிக்கவில்லை: எந்தப் படப் புத்தகம் வாங்குவது?

மகளுக்கு நாலரை வயது. கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்தே படப் புத்தகம் படித்துக் காட்டுகிறீர்கள். பிடித்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேட்டால் படத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். எந்த மாதிரிப் புத்தகம் வாங்கினால் தானே படிக்கத் தொடங்குவாள் என்பது உங்கள் கேள்வி.

வீட்டில் இப்போது இருக்கும் புத்தகங்களில் குறை ஒன்றும் இல்லை. அவை நீங்கள் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியவை. அவள் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம் வேறு. இரண்டு வேலையையும் ஒரே புத்தகத்திடம் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. இரண்டு வகையும் வேண்டும். தேர்ந்தெடுக்கும் விதம் வேறு, பிள்ளையோடு உட்காரும் விதமும் வேறு.

படிப்பு என்பது இரண்டு திறமைகளின் பெருக்கல் என்று 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எளிமையாக எழுதினார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கத் தெரிவது ஒன்று. அந்த மொழியைக் கேட்டால் புரிவது இன்னொன்று. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். உங்கள் மகளிடம் இரண்டாவது நன்றாக வளர்ந்திருக்கிறது. முதலாவதை யாரும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. கதை கேட்டுக் கேட்டு அது தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி வருவதில்லை.

இதைக் கனடாவில் மோனிக் செனெஷாலும் ஜோ-ஆன் லெஃபெவ்ரும் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். வீட்டில் கதைப் புத்தகம் நிறையக் கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்வளமும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் கூடுதலாக இருந்தன. எழுத்தையும் சொல்லையும் பெற்றோர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவின் தொடக்கத் திறன்கள் கூடுதலாக இருந்தன. ஒன்றைச் செய்யும் பெற்றோர் மற்றதையும் செய்வார்கள் என்ற தொடர்பு தெரியவில்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் வகுப்பு முடிவில் சொற்களைப் படிப்பதற்கு அந்தத் தொடக்கத் திறன்கள்தான் நேரடியாகக் கைகொடுத்தன. கதை கேட்ட பலன் மூன்றாம் வகுப்பில், பத்தி பத்தியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டி வந்தபோது நன்றாகத் தெரிந்தது. ஆகவே இத்தனை வருடம் படித்துக் காட்டியது வீண் என்று எண்ண வேண்டாம். அதன் பலன் கொஞ்சம் தள்ளி வரும்.

கதை கேட்கும் பிள்ளை எழுத்தையே பார்க்காதா என்றால், ஏறக்குறைய பார்ப்பதில்லை. மேரி ஆன் எவன்ஸ், ஜான் செந்தோபின் இருவரும் கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை வைத்து 2005-இல் செய்த ஆய்வில், பெற்றோர் படித்துக் காட்டும்போது பிள்ளைகளின் கண் ஏறக்குறைய முழுக்கப் படத்தின் மேலேயே இருந்தது. எழுத்தும் படமும் எப்படி அமைந்திருந்தாலும் இதே கதைதான். அதில் தப்பும் இல்லை. படம் அதற்காகத்தானே இருக்கிறது.

சரி, முதலில் நீங்கள் படித்துக் காட்டும் புத்தகம். இதற்கு எழுத்து எளிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குத் தெரியாத சொற்கள் பக்கத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. ஜெசிகா மோண்டாக் தலைமையில் 2015-இல் வந்த ஆய்வு 100 படப் புத்தகங்களின் சொற்களை, பெற்றோர் சின்னப் பிள்ளைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டது. புத்தகங்களில்தான் விதவிதமான சொற்கள் அதிகம் இருந்தன. அன்றாடப் பேச்சில் “சாப்பிடு, எடு, வா, போகாதே” என்றே நாள் போய்விடும். “பதுங்கியது”, “தயங்கினாள்”, “அடிவானம்” எல்லாம் புத்தகத்தில்தான் வரும்.

படத்தில் இரண்டு விஷயம் பார்ப்பேன். எழுத்து சொல்லாத ஏதாவது ஒன்றைப் படம் சொல்கிறதா? “பூனை தூங்கியது” என்ற வரிக்கு மேலே பூனை தூங்கும் படம் மட்டும் இருந்தால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. பூனை தூங்குகிறது, பின்னால் ஜன்னலில் ஒரு எலி எட்டிப் பார்க்கிறது என்றால் பிள்ளையே ஆரம்பித்துவிடும். அடுத்தது, படத்தில் கதைக்குச் சம்பந்தமில்லாத கூட்டம் இருக்கிறதா? காசாண்ட்ரா எங், கேரி காட்வின், ஆனா ஃபிஷர் மூவரும் 2020-இல் செய்த சோதனையில், படிக்கத் தொடங்கும் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கதையை இரண்டு விதப் படங்களோடு கொடுத்தார்கள். தேவையற்ற விவரங்களை நீக்கிய படம் இருந்தபோது கண் அங்கும் இங்கும் அலைவது குறைந்தது, கதையும் நன்றாகப் புரிந்தது. எலி கதைக்குள் இருந்தால் வரட்டும். பக்கத்தை நிரப்புவதற்காகப் பட்டாம்பூச்சியும் நட்சத்திரமும் வானவில்லும் தெளித்திருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

இழுத்தால் அசையும், திறந்தால் எழுந்து நிற்கும் புத்தகங்கள் விளையாட அருமையானவை. எழுத்துக் கற்க அவை தடை. மூன்று வயதை ஒட்டிய பிள்ளைகளிடம் சிந்தியா சியோங், ஜூடி டெலோச் இருவரும் நடத்திய ஆய்வில் சாதாரண எழுத்துப் புத்தகம் பார்த்த பிள்ளைகள்தான் அதிக எழுத்துகளைக் கற்றார்கள். பொத்தானை அழுத்தினால் பேசும் புத்தகத்தைப் பற்றியும் என் எண்ணம் இதுவே. கை பொத்தானைத் தேடும், கண் எழுத்துக்கு வராது.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் நிறைய. உங்கள் கேள்வியிலும் அந்தச் சலிப்பு லேசாகத் தெரிகிறது. ஜெசிகா ஹார்ஸ்ட் 2011-இல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். புதுச் சொற்களை எல்லோரும் சம எண்ணிக்கையில்தான் கேட்டார்கள். ஆனால் ஒரே கதைகளை மறுபடி மறுபடி கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை மனதில் வைத்திருந்தார்கள். வெவ்வேறு கதைகளில் கேட்டவர்கள் அந்த அளவுக்கு வைத்திருக்கவில்லை. கதை என்ன ஆகும் என்ற பதற்றம் போன பிறகுதான் சொல்லுக்கு இடம் கிடைக்கிறது போல. எனவே பத்துப் புதுப் புத்தகத்தைவிட மூன்று நல்ல புத்தகம் போதும்.

படிக்கும்போது பேச்சு நடக்க வேண்டும். கிரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆரம்பப் புள்ளி. படத்தைப் பார்த்து விரிவாகப் பதில் சொல்லும்படி கேட்பது, பிள்ளை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்வது, இந்த இரண்டையும் பெற்றோருக்குப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போல் கதை கேட்ட பிள்ளைகளின் பேச்சைத் தாண்டிப் போனது. “நாய் எங்கே?” என்று கேட்டால் விரல் நீட்டுவதோடு முடிந்துவிடும். “நாய் ஏன் அங்கே போய் ஒளிந்திருக்கிறது?” என்றால் அவள் பேச வேண்டும். “பயந்துடுச்சு” என்பாள். “ஆமாம், இடிச் சத்தம் கேட்டுப் பயந்து கட்டிலுக்கு அடியில் போயிடுச்சு” என்று நீங்கள் நீட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி தாராளம். அதற்கு மேல் போனால் கதை பரீட்சையாகிவிடும், பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஓடுவதும் நியாயம்தான்.

இதே நேரத்தில் எழுத்து என்று ஒன்று இருக்கிறது என்பதையும் காட்டலாம். அவளுக்குப் பழகிய புத்தகத்தில், வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே படியுங்கள். எல்லாப் பக்கத்திலும் வேண்டாம், அங்கங்கே போதும். “இங்கேதான் ‘டமால்’னு எழுதியிருக்கு, பார்” என்று ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். பள்ளிக்கு முந்தைய வகுப்புகளில் ஆசிரியர்கள் இப்படி எழுத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பிப் படித்ததன் பலன், இரண்டு வருடம் கழித்தும் பிள்ளைகளின் படிப்பில் தெரிந்ததாக லாரா ஜஸ்டிஸும் ஷெய்ன் பியாஸ்டாவும் சக ஆய்வாளர்களும் 2012-இல் எழுதினார்கள்.

உங்கள் மகள் ஒப்பிக்கிறாளே, அதை இங்கே பயன்படுத்துங்கள். அவள் விரலை வைத்து, ஒரு சொல்லுக்கு ஒரு தொடல் என்று சொல்லச் சொல்லுங்கள். முதலில் வாய் வேகமாகப் போகும், விரல் பின்தங்கும், வரி முடிவதற்குள் சொல் தீர்ந்துவிடும். சில நாளில் இரண்டும் ஒத்துப்போகும். இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல், இடமிருந்து வலம், வரி முடிந்தால் கீழ் வரி என்பது அப்போதுதான் பிடிபடும். இது படிப்பதல்ல, ஆனால் இது இல்லாமல் படிப்பு தொடங்காது.

இனி அவள் படிக்கும் புத்தகம். இதில் அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்தப் புத்தகத்தின் சொற்கள் அவளுக்குத் தெரிந்த எழுத்துகளால் ஆனவையா? கதை சாதாரணமாக இருந்தால் பரவாயில்லை. அட்டையில் “3 வயது முதல்” என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வயது பெரும்பாலும் கதைக்கானது, எழுத்துக்கானது இல்லை.

தமிழ் எழுத்து 247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அப்புறம் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும்தான் உண்மையில் கற்க வேண்டியவை. ஆனால் சில இடங்கள் வழுக்கும். கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் எழுத்தை இருபுறமும் குறி சூழ்கிறது. உகரத்துக்கு ஒரே மாதிரியான குறியே இல்லை. கு, து, பு, ரு நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு குழப்பம் என்று தெரியும். க என்ற ஓர் எழுத்து ‘கல்’லில் ஒரு விதமாகவும் ‘தங்கம்’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. இந்தக் கடைசிச் சிக்கல் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தானாகத் தீரும். சொல் ஏற்கெனவே காதில் இருப்பதால் தோராயமாக ஒலித்துப் பார்த்துச் சரியான சொல்லுக்கு வந்துவிடும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதில்தான் முன்னிலை.

அ, ஆ, இ என்று வரிசையாகப் போவதைவிட ட, ப, ம என்று கோடு எளிய எழுத்துகளில் தொடங்குவது எனக்குப் பிடித்த வழி. காரணம், உயிரெழுத்து பன்னிரண்டையும் கற்றாலும் படிக்கக் கிடைக்கும் சொற்கள் மிகச் சில. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் படித்துவிடலாம். “நான் படிச்சேன்” என்று பிள்ளை சொல்லும் நாள் சீக்கிரம் வருகிறது. அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு என்று போகும் எழுத்துப் படப் புத்தகம் வீட்டில் இருந்தால் இருக்கட்டும். அதில் ழ, ண, ற போன்றவை சொல்லின் முதலில் வருவதில்லை. எனவே சொல்லின் நடுவில் அந்த எழுத்தை மட்டும் வேறு நிறத்தில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பிள்ளை ‘பழம்’ படத்தைப் பார்த்து ழ-வின் பெயரே ‘பழம்’ என்று நினைத்துக்கொள்ளும்.

எழுத்து வரிசையைக் கணக்கில் வைத்து எழுதிய கதைப் புத்தகம் தமிழில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே நீங்களே கையால் செய்துகொள்ளுங்கள் என்பேன். தாளை மடித்து நடுவில் ஊசிப் பின் அடித்தால் போதும். ட, ப, ம, ர, ல, வ ஆறு எழுத்தும், ‘ா’ என்ற காலும், புள்ளியும் வந்த பிள்ளைக்கு ஒரு கதை: முதல் பக்கம் “மாமா, வா!” அடுத்தது “பட்டம் பார்!” அடுத்தது “வால் பார்!” பிறகு “மாமா, மரம்! மரம்!” பக்கத்தைத் திருப்பினால் “டமார்!” மொத்தமே பத்துச் சொல். ஆனால் மாமாவின் முகம், பட்டம் போகும் உயரம், மரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் காக்கை எல்லாம் படத்தில் இருந்தால் இது முழுக் கதை. உங்களுக்குப் படம் வராது என்றால் அவளே வரையட்டும். எழுத்தால் சொல்ல முடியாததையெல்லாம் படம் சுமக்கிறது. சொல்லை மட்டும் எழுத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

எழுத்தை ஒரு பக்கத்தில் வைத்து, படம் அந்தப் பக்கத்தைத் திருப்பிய பின் வரும்படி செய்தால் இன்னும் நல்லது. அச்சிட்ட புத்தகமானால் படத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், படித்ததும் திறந்து காட்டுங்கள். “படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்” என்று சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ‘குதிரை’ என்று எழுதியிருப்பதைப் படத்தைப் பார்த்து ‘கழுதை’ என்று ஊகித்த பிள்ளை எழுத்தைப் பற்றி ஒன்றும் கற்கவில்லை. ஊகம் ‘குதிரை’ என்று சரியாக அமைந்தாலும் கற்றது அதே அளவுதான். சில வருடத்தில் படமே இல்லாத புத்தகம் வரும்; ஊகித்துப் பழகிய பிள்ளைகள் அங்கேதான் திணறுவார்கள். உங்கள் மகள் இப்போது செய்வதும் ஊகம்தான். திட்டாமல், “படம் இருக்கட்டும், எழுத்து என்ன சொல்லுது?” என்று விரலை முதல் எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்லட்டும். மாட்டிக்கொண்டால் மூன்று விநாடி பொறுத்துவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள்.

அச்சிட்ட புத்தகம் வாங்கினால், தமிழுக்கே உரிய சில விஷயங்களைப் பக்கம் திறந்து பாருங்கள். வாக்கியத்தில் எத்தனை சொல் என்பதைவிடச் சொல்லில் எத்தனை எழுத்து என்பதே முக்கியம். “நாய் ஓடிக்கொண்டிருந்தது” இரண்டே சொல், ஆனால் இரண்டாவதில் பத்து எழுத்து. ஆரம்பப் பிள்ளை ஆறாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடும். “நாய் ஓடியது” என்று எழுதியவர் பிள்ளையை நினைத்து எழுதியிருக்கிறார். இரண்டாவது, வரி முடிவில் சொல்லை வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளும் பழக்கம். பெரியவர்களுக்கு அது கண்ணில்கூடப் படாது, பிள்ளைக்கோ அது இரண்டு சொல். மூன்றாவது, எழுத்து படத்தின் மேலேயே ஏறியிருப்பதும் புள்ளி பின்னணியில் கரைந்துபோவதும். புள்ளி தெரியாவிட்டால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். வீட்டில் பழைய பதிப்பு ஏதாவது இருந்தால் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கலாம். தமிழ்நாடு அரசு 1978-இல் சீர்திருத்த எழுத்தை ஏற்றதற்கு முந்தைய வடிவங்கள் அவை. நீங்கள் படித்துக் காட்டலாம், அவள் கையில் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.

எழுத்து நடையும் பேச்சும் வேறாக இருப்பது பற்றிப் பலர் கேட்பார்கள். “வந்தது” என்று அச்சிட்டிருப்பதை “வந்துச்சு” என்று மாற்றிப் படிக்கலாமா? படித்துக் காட்டும்போது அச்சில் உள்ளபடியே படியுங்கள், பேசும்போது வீட்டுத் தமிழில் பேசுங்கள். எழுத்துத் தமிழ் காதில் விழ அவளுக்கு வேறு வழி குறைவு. அவளே படிக்கும்போது “வந்துச்சு” என்று சொன்னால் பொருள் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். பாராட்டிவிட்டு, கடைசி எழுத்தைத் தொட்டு “இங்கே ‘து’ இருக்கே” என்றால் போதும்.

இணையத்தில் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி அச்சிடலாம், சொற்களை எளிதாக்கி உங்கள் பிள்ளைக்கேற்ற பதிப்பும் செய்துகொள்ளலாம். அங்கே நான்கு நிலைகள் உண்டு. ஆனால் முதல் நிலை என்றால் சொற்கள் குறைவு, எளிமை என்று பொருள். பிள்ளைக்குத் தெரிந்த எழுத்துகள் மட்டும் இருக்கும் என்று பொருள் இல்லை. முதல் நிலைக் கதைகளையும் முதலில் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

நேரத்தைப் பிரித்துவிடுங்கள். அவள் படிக்கும் நேரம் பகலில், களைப்பில்லாதபோது, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தூங்கப் போகும் முன் கதை கேட்கும் நேரத்தில் “இதை நீ படி” என்று சொல்லவே கூடாது. தானாக ஒரு சொல்லைப் படித்தால் சந்தோஷம், அவ்வளவே. அவள் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் படித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். அவளால் படிக்க முடிந்த கதைக்கும் அவளுக்குப் புரியும் கதைக்கும் இன்னும் சில வருடம் பெரிய இடைவெளி இருக்கும்.

நாலரை வயதில் படிக்காதது தாமதம் இல்லை. ஃபின்லாந்தில் முதல் வகுப்பே ஏழு வயதில்தான். நம் எழுத்து முறையைப் போன்ற கன்னடத்தில், பிள்ளைகள் எழுத்துகளை முழுதாக வசப்படுத்துவது நான்காம் வகுப்பு வரை நீள்வதைச் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே குறிகள் எல்லாம் வர வருடங்கள் ஆகும். ஆனால் ஒரு வருடம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பிறகும் எழுத்தையும் ஒலியையும் சேர்க்க முடியவில்லை, ‘படம்’ என்பதில் முதலில் வரும் ஒலி எது என்று வாயால் கேட்டாலும் தெரியவில்லை, வீட்டில் வேறு யாருக்காவது படிப்பில் இதே சிரமம் இருந்தது என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காதையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, படிப்புச் சிரமங்களைப் பார்க்கும் நிபுணரிடம் போங்கள்.